ஊட்டிக் குளிரிலும் கார் ஏன் கொதிக்கிறது?

மே மாதத்தில் மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ஏறும் சாலையில் போனால், பர்லியாறுக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு கார்களாவது பானெட்டைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்கும். முன்பக்கம் ஆவி. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு ஒருவர், அவருக்கு யோசனை சொல்ல நாலு பேர். ‘குளிர்ந்த ஊருக்குத்தானே போறோம், வண்டி எப்படிச் சூடாகும்?’ என்பது அங்கே வழக்கமாகக் காதில் விழும் புலம்பல். மலையிலேயே வண்டி வைத்திருப்பவர்களிலும் பலர் இதே நினைப்பில்தான் இருக்கிறார்கள். நம் ஊர்க் குளிருக்கு ரேடியேட்டரில் ஊற்றக் கூலன்ட் எதற்கு, பச்சைத் தண்ணீர் போதாதா என்பார்கள்.

போதாது. ஏன் என்று புரிய, இன்ஜினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

பெட்ரோலோ டீசலோ எரியும்போது வரும் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மிச்சமெல்லாம் இன்ஜினின் உலோகத்தில் சூடாக ஏறுகிறது. அந்தச் சூட்டை அள்ளி வெளியே கொட்டுவதுதான் கூலிங் சிஸ்டத்தின் வேலை. சிலிண்டர்களைச் சுற்றியுள்ள பாதைகளில் திரவம் ஓடும், வாட்டர் பம்ப் அதைத் தள்ளும். சூடேறிய திரவம் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் ஓடும்போது காற்று பட்டு ஆறி, கீழ் ஹோஸ் வழியாக மறுபடி இன்ஜினுக்குள் போகும். எதிர்க்காற்று போதாதபோது ஃபேன் சுழலும்.

இந்தச் சுற்றில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. அதற்குள்ளே மெழுகு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும். திரவம் ரேடியேட்டர் பக்கம் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். வண்டிக்கு வண்டி மாறினாலும், 82 முதல் 90 டிகிரிக்குள் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறந்துவிடும். இன்ஜினுக்கு இந்தச் சூடு தேவை. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

வண்டி அடிக்கடி சூடானால், சமவெளியில் சில மெக்கானிக்குகள் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். ‘அது இல்லாமலே ஓடும் சார்.’ ஓடும்தான். ஆனால் ஜனவரியில், ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும் காலையில், அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கூடலூர் பக்கம் இறங்கிப் பாருங்கள். வெகுதூரம் போயும் இன்ஜின் சூடேறாது. ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று வரும். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றும், மைலேஜ் விழும், எரியாத பெட்ரோலும் ஈரமும் இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். மலையில் இருப்பவர்கள் இந்த வால்வைக் கழற்ற விடவே கூடாது. பழுதாகியிருந்தால் புதிது போடச் சொல்லுங்கள்.

குக்கரும் ரேடியேட்டர் மூடியும்

ஊட்டியில் குடித்தனம் நடத்துபவர்களுக்கு இந்தப் பகுதி ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைத்தால் பருப்புக்கு முன்னால் கேஸ் தீர்ந்துவிடும். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் முன்கூட்டியே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், அங்கே 99 டிகிரி. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், அங்கே 94. ஊட்டி 2,240 மீட்டரை ஒட்டி இருக்கிறது, அங்கே 92, 93 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அதற்குமேல் தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் கூடும், சூடு கூடாது. குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தை ஏற்றுவதால் தண்ணீர் இன்னும் அதிகச் சூட்டில்தான் கொதிக்கும், பருப்பும் வெந்துவிடும்.

ரேடியேட்டர் மூடி செய்வதும் அதே வேலைதான். மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்பதுபோல ஓர் எண் இருக்கும். ‘பார்’ என்பது அழுத்தத்தின் அளவு; கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். வெளிக்காற்றைவிட உள்ளே அத்தனை பார் அழுத்தம் கூடும்வரை மூடி விடாது என்று அர்த்தம். 0.9 மூடி நல்லபடியாக இருந்தால் சமவெளியில் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ஊட்டியில் சுமார் 115 டிகிரி. திறந்த பாத்திரத்தில் ஏழெட்டு டிகிரி இருந்த வித்தியாசம், மூடி போட்டதும் மூன்று நான்காகச் சுருங்கிவிடுகிறது.

சரி, மூடியின் ரப்பர் வெடித்துப்போய் அழுத்தம் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்குவதே 95 டிகிரியை ஒட்டித்தான். அப்படியொரு வண்டியில் வெறும் தண்ணீரும் இருந்தால், ஊட்டியில் ஃபேன் சுழல்வதற்கு முன்பே அது கொதித்துவிடும்! அதே வண்டி, அதே மூடியோடு, சென்னையில் எப்படியோ சமாளித்து ஓடிக்கொண்டிருந்திருக்கும். ‘ஊர்ல நல்லாத்தானே ஓடுச்சு’ என்று மலையேறி வந்தவர்கள் சொல்வதில் பொய் இல்லை. சில நூறு ரூபாய் மூடியை யாரும் சந்தேகப்படுவதில்லை, அவ்வளவுதான்.

மூடியை ஒருமுறை கழற்றிப் பாருங்கள், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மட்டும். நடுவில் ஒரு ஸ்பிரிங். அதன் கீழே தடித்த ரப்பர் வாஷர்: இதுதான் ரேடியேட்டரின் கழுத்தில் அழுந்தி அடைக்கும் பகுதி. விரலால் தடவினால் மழமழவென்று இருக்க வேண்டும். விளிம்பில் வெடிப்போ, ஆழமாக அழுந்திய பள்ளமோ, காய்ந்து இறுகிய தன்மையோ தெரிந்தால் மூடியின் காலம் முடிந்தது. வாஷருக்கு நட்டநடுவே சின்னதாக ஒரு தகடு இருக்கும். நகத்தால் இழுத்தால் கொஞ்சம் வெளியே வரும், விட்டால் பழையபடி ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் ஆறும்போது உள்ளே திரவம் சுருங்குமல்லவா, அப்போது இந்தத் தகடு திறந்து பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து திரவத்தைத் திரும்ப உள்ளே விடும். துருப்பிடித்து இது ஒட்டிக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். காலையில் பானெட்டைத் திறக்கும்போது மேல் ஹோஸ் சப்பையாக ஒடுங்கிக் கிடந்தால் முதலில் இந்தத் தகட்டைச் சந்தேகப்படுங்கள்.

சில கார்களில் ரேடியேட்டரின் மேல் மூடியே இருக்காது. பிளாஸ்டிக் டப்பாவின் மேல் இருக்கும் திருகு மூடிதான் அழுத்தத்தைப் பிடிக்கும். சூடாக இருக்கும்போது அந்த டப்பாவையும் திறக்கக் கூடாது. புது மூடி எந்த வகையானாலும் அதே எண் உள்ளதாகவே வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய ஹோஸோ ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதியோ அந்தக் கூடுதல் அழுத்தத்தில் பிளந்துகொண்டால் தெரியும்.

டப்பாவில் இருப்பது என்ன

கூலன்ட் என்று கடையில் விற்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அதோடு துருவையும் அரிப்பையும் தடுக்கும் ரசாயனங்கள், அடையாளத்துக்குச் சாயம். தண்ணீரும் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்தால் கடல்மட்டத்தில் மூடியில்லாமலே சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். உறைவதோ மைனஸ் 37 டிகிரியில். அந்தக் குளிர் நீலகிரிக்கு வரப்போவதில்லை. கடுங்குளிர் இரவிலும் இங்கே பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி இறங்கினாலே செய்தி. ஆகவே உறைவதைப் பற்றி நமக்குப் பெரிய கவலை இல்லை. கொதிநிலை வேண்டும், அதைவிட அந்தத் துரு தடுப்பு ரசாயனம் வேண்டும்.

பாதி கலந்தாலே இவ்வளவு நல்லது என்றால் முழுக்கக் கூலன்டையே ஊற்றினால் என்ன? கூடாது. சூட்டை அள்ளிச் செல்வதில் தண்ணீருக்கு நிகராகக் கிளைக்கால் வராது. தண்ணீரின் திறனில் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். இன்ஜின் இன்னும் கூடுதலாகச் சூடாகும். கேனில் நேரடியாக ஊற்றலாம் என்று எழுதியிருந்தால் அதில் ஏற்கெனவே தண்ணீர் கலந்திருக்கிறது, அப்படியே ஊற்றுங்கள். கான்சென்ட்ரேட் என்றிருந்தால் கலக்க வேண்டும்.

பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்குவது பரவலான பழக்கம். சாயத்துக்கு எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. பழைய வகைக் கூலன்ட் சுமார் இரண்டு ஆண்டு தாங்கும், ஆர்கானிக் அமில வகை ஐந்து ஆண்டு வரை போகும். இரண்டும் கலந்தால் துரு தடுக்கும் சக்தி குறையும், சில சேர்க்கைகள் கூழாகித் திரளவும் செய்யும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த வகை, எத்தனை ஆண்டு என்று போட்டிருக்கும். டாஷ்போர்டு பெட்டியில் பிரிக்காமலே கிடக்கும் அந்தப் புத்தகத்துக்கு இந்த ஒரு பக்கத்துக்காகவாவது விமோசனம் கொடுங்கள்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது

மூடிய சுற்றுக்குள் அழுக்கு எப்படி வரும்? முதல் வழி நாமே ஊற்றும் தண்ணீர். கோவைப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். சூடான உலோகத்தில் படும்போது அந்த உப்பு வெள்ளைப் படிவாக ஒட்டும், வீட்டில் ஹீட்டர் கம்பியில் படிகிற அதே படிவு. ரேடியேட்டர் குழாய்களின் துவாரமோ மிகக் குறுகல். படிவு ஏற ஏறச் சில குழாய்கள் அடைத்தே போகும். மலை ஓடைத் தண்ணீரில் உப்பு குறைவு, பார்க்கத் தெளிவாகவும் இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் நுண்ணிய சேறு வரும். கரைந்த காற்றும் நிறைய இருக்கும், அது இரும்பைத் துருவாக்கும். பெட்ரோல் பங்கிலும் உதிரிபாகக் கடையிலும் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் கூலன்டோடு கலக்கச் சரியான தண்ணீர்.

இரண்டாவது வழி, வயசான கூலன்ட். துரு தடுக்கும் ரசாயனம் தீர்ந்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக அமிலத் தன்மைக்கு மாறும். இன்ஜினில் இரும்பு, அலுமினியம், ஈயப்பற்று என்று பலவகை உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்து கிடப்பதால், காப்பு போனதும் ஒன்று கரையத் தொடங்கும். கரைந்தது எல்லாம் குறுகலான இடத்தில் போய்த் தங்கும். லீக்கை அடைக்க ஊற்றும் பவுடர் வகையறாக்களையும் இதே கணக்கில் சேர்க்கிறேன். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் குழாயை நன்றாக அடைக்கும்.

கூலன்டின் நிலை தெரிய எளிய வழி ஒன்று உண்டு. காலையில், வண்டியைக் கிளப்பும் முன், ரேடியேட்டரிலிருந்து ஒரு சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி, கழுவிக் காய்ந்த ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி மூடி, ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். பாட்டிலில் விஷம் என்று எழுதி ஒட்டுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. மறுநாள் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் பளிச்சென்று இருந்து அடியில் எதுவும் தங்கவில்லை என்றால் நல்லது. அடியில் செங்கல் நிறத்தில் மெல்லிய படலம் தங்கி, பாட்டிலைச் சாய்க்கும்போது புகைமாதிரி எழும்பினால் துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, மொத்தமும் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ ஆயில் கலந்திருக்கிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் மேல்பாகத்துக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவே அடைக்கும் தகடு, கோளாறாகியிருக்கும். ஆட்டோமேட்டிக் கார்களில் இளஞ்சிவப்புப் பால்போல இருந்தால் ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் கசிந்து கலக்கிறது. ஆயில் சமாச்சாரம் எதுவானாலும் நீங்களாகக் கழுவிப் பார்க்க வேண்டாம், ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள்.

ஹெட் கேஸ்கெட் பற்றி மலைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் கேஸ்கெட் போச்சு என்று சொல்வார்கள். பனிமூட்டக் காலையில் இங்கே எல்லா வண்டியிலும் வெள்ளைப் புகை வரும், அது வெறும் நீராவி. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் புகை நிற்காமல், லேசான இனிப்பு வாடையும் அடித்து, டப்பாவில் கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ரேடியேட்டரின் வெளிப்பக்க அழுக்கைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். முன்புற வலையில் பூச்சியும், தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரச் சருகும், சேறும் அடைத்துக்கொண்டால் காற்று போகாது. மெதுவான தண்ணீரில், முடிந்தால் இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

ஏற்றத்தில்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றரை கிலோமீட்டர் செங்குத்து உயரம். கஷ்டம் முழுக்கக் கீழ்ப்பாதியில்தான். கல்லாறு பக்கம் வெயில் 35 டிகிரியைத் தாண்டியிருக்கும், வண்டி நிறைய ஆளும் பெட்டியும், முன்னால் ஒரு பஸ், இரண்டாவது கியரில் 20 கிலோமீட்டர் வேகம். இன்ஜின் முழு பலத்தோடு உழைக்கிறது, எதிர்க்காற்றோ இல்லை. ஏசி வேறு ஓடினால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் தன் சூட்டையும் அதன்மேல் ஊதுகிறது.  மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளையும் ஏறி ஊட்டிக்கு வருபவருக்கும் இதே கதைதான்.

சூட்டு முள் நடுவைத் தாண்டி ஏறினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். அடுத்து ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். வியர்க்கும், திட்டுவார்கள், பரவாயில்லை. ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், அதுவும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். முள் இறங்கவில்லை என்றால், வளைவில் இல்லாமல் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆவி வரவில்லை, டப்பாவில் கூலன்டும் இருக்கிறது என்றால் இன்ஜினை ஐடிலில் ஓட விடலாம், ஃபேனே ஆற்றிவிடும். ஆவி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

இப்போது வரும் பல கார்களில் முள்ளே இல்லை. குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கு, அளவு மீறினால் சிவப்பு விளக்கு. சிவப்பு எரிந்த பிறகு அடுத்த வளைவு வரை என்று ஓட்டக் கூடாது. கூலன்ட் மொத்தமும் கொட்டிப்போனால் சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டு சூட்டைச் சரியாகக் காட்டாமலும் போகலாம். முள் திடீரென்று கீழே விழுந்தால் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூடியைத் திறக்கக் குறைந்தது அரைமணி நேரம் பொறுங்கள். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அழுத்தினால் விறைப்பில்லாமல் அமுங்க வேண்டும். 100 டிகிரியைத் தாண்டி அழுத்தத்தில் அடங்கிக் கிடந்த திரவம், மூடி திறந்த கணத்தில் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வழியில் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி வராதீர்கள். வீட்டிலிருந்தே ஒரு கேனில் டிஸ்டில்டு வாட்டர் டிக்கியில் இருக்கட்டும். வேறு வழியில்லாமல் ஓடைத் தண்ணீரை ஊற்றினாலும் தப்பில்லை, இன்ஜினைக் காப்பாற்றுவதுதான் அப்போது முக்கியம். ஊர் போய்ச் சேர்ந்ததும் கழுவி மாற்றிவிடுங்கள்.

கழுவி மாற்றுவது

ஆறிய இன்ஜின். ரேடியேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து, அகலமான பாத்திரத்தில் பழைய கூலன்டைப் பிடியுங்கள். திருகை மூடி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓட விடுங்கள். மேல் ஹோஸ் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று பொருள். அணைத்து, ஆறவிட்டு, மறுபடி வடியுங்கள். வருவது தெளிவாகும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஒரு சுற்றோடு நிறுத்துவது இங்கேதான்.

புதிதாக ஊற்றும்போது ஒரு நுணுக்கம். எவ்வளவு வடித்தாலும் இன்ஜினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியே இருக்கும். அதனால் வெளியே பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் உள்ளே கூலன்ட் பங்கு குறைந்துவிடும். சிறிய கார்களில் மொத்தம் சுமார் 4 முதல் 6 லிட்டர் பிடிக்கும். உங்கள் வண்டிக்கு 5 லிட்டர் என்றால் முதலில் இரண்டரை லிட்டர் கான்சென்ட்ரேட்டை ஊற்றிவிட்டு, மிச்ச இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள்.

அப்புறம் உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு மலைவாசிகளுக்கு ஒரு வசதி உண்டு: வீட்டு வாசலிலேயே சரிவு இருக்கும். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தினால் ரேடியேட்டர் கழுத்து உயரத்துக்கு வந்து காற்றுக்குமிழ்கள் தானாக அங்கே ஏறும். மூடி திறந்தபடி, இன்ஜின் குளிர்ந்த நிலையில் கிளப்பி, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிடுங்கள், களக் களக்கென்று காற்று வரும். ஃபேன் பக்கம் கை போக வேண்டாம். மட்டம் இறங்க இறங்க ஊற்றி, திரவம் சூடேறிப் பொங்கத் தொடங்கும் முன் மூடிவிட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். மறுநாள் காலையில் டப்பாவின் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே மட்டம் இருக்கிறதா என்று பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள்.

வடித்த பழைய கூலன்டை வாசல் சாக்கடையிலோ தேயிலைச் செடி அடியிலோ கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய விஷமும்கூட; சிறிதளவே ஒரு நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து கொன்றுவிடும். குன்னூர், கோத்தகிரித் தெருக்களில் மாடு மட்டுமா, காட்டெருமையும் வந்து வாய் வைக்கும். இங்கே ஓடையில் விட்டது பவானி வழியாகக் கீழே பல ஊர்களின் குடிதண்ணீருக்குப் போகும். மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயர் எழுதி, கூலன்ட் கழிவு எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பழைய இன்ஜின் ஆயிலோடு சேர்த்து ஊற்றினால் வாங்கமாட்டார்கள், இரண்டையும் தனித்தனிக் கேனில் வையுங்கள். தரையில் சிந்தியதை மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச வைத்து அள்ளிவிட்டு, அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே நாயை வெளியே அவிழ்த்து விடுங்கள்.